திரை இருட்டானால் சர்வர் போய்விட்டது என்று அர்த்தமா?



நம் அரசுப் பள்ளி ஹைடெக் லேப்கள் பலவும் ஒரே சர்வரை நம்பி ஓடுகின்றன. அது படுத்தால் பிள்ளைகள் முன்னால் இருக்கும் அத்தனை திரையும் படுத்துவிடும். காஞ்சிபுரம் பக்கம் ஒரு பள்ளியில், ரேக்கில் இருந்த சர்வரில் புது மானிட்டரை மாட்டினார்கள். படம் வரவில்லை. "சர்வர் போச்சு" என்று பத்து நாள் லேபைப் பூட்டிவிட்டார்கள்.

சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேக் சர்வர் திரையில்லாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. தறி மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு ஏது திரை? அட்டை ஓடினால் பூ விழுகிறதே!

இத்தகைய சர்வர்களில் பெரும்பாலும் விஜிஏ வழிதான் இருக்கும். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த அனலாக் முறை அது. புது மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ டிஜிட்டல். வெறும் கேபிள் போதாது, விஜிஏவிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். எதிர்த்திசைக்கானதை வாங்கினால் காசுதான் வீண்.

டெல்லில் ஐடிராக், ஹெச்பியில் ஐஎல்ஓ என்று தனி நெட்வொர்க் வழியும் உண்டு. வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரிலேயே சர்வரின் நிலையைப் பார்க்கலாம். முழுத் திரையையும் காண சில மாடல்களுக்கு லைசென்ஸ் வேண்டும்.

என் கருத்து இதுதான். பழைய விஜிஏ மானிட்டர் ஒன்றைக் காயலான் கடைக்குப் போடாமல் லேபிலேயே வையுங்கள். ஐடிராக் முகவரியும் பாஸ்வேர்டும் தலைமையாசிரியர் பீரோவில் பத்திரமாக இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் என் மாணவர்களே, நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை போய், தலைமையாசிரியரைக் கேட்டுக்கொண்டு, அந்த ரேக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். அரை மணி நேர வேலை. பிள்ளைகளுக்குப் பத்து நாள் மிச்சம்.