ஏ9 வீதியோரத்திலிருந்து ஒரு பத்தாண்டு

இலங்கையின் கடந்த பத்தாண்டுக் கொந்தளிப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொழும்பின் நாட்காட்டியைத்தான் புரட்டுகிறார்கள். 2015 ஜனவரி ஆட்சிமாற்றம், 2018 ஒக்டோபர் அரசியலமைப்புக் குழப்பம், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், 2022 காலிமுகத்திடல் போராட்டம், 2024இல் அநுரகுமார திசாநாயக்கவின் வெற்றி என்று அந்த வரிசை போகிறது. வன்னியில் இருந்து பார்ப்பவருக்கு 2017தான் முதலில் கண்ணில் படும். அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி முல்லைத்தீவு மாவட்டத்தின் பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணியில் இருந்த விமானப்படை முகாமின் முன் அமர்ந்தார்கள். பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலிலும், 24இல் வவுனியாவிலும், மார்ச் 8இல் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தறப்பாள் கொட்டகை போட்டார்கள். ஆறு வாரங்களுக்குள் நான்கு போராட்டங்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் பெண்கள், பெரும்பாலும் தாய்மார். இலங்கையில் ஆட்சி மாறுவது வேறு, அரசு மாறுவது வேறு என்பதை இந்தப் பத்தாண்டில் மிகத் தெளிவாகக் காட்டியவை அந்தக் கொட்டகைகள்தான் என்பது என் கருத்து.

பிலக்குடியிருப்பு மக்கள் ஒரு மாதத்தில் வென்றார்கள். 2017 மார்ச் 1ஆம் திகதி 84 குடும்பங்களின் காணிகள் திரும்பக் கிடைத்தன. அதே நாளில் பக்கத்துக் கேப்பாப்புலவு மக்கள் தங்கள் காணிக்காகப் படைத் தலைமையகத்தின் முன் அமர்ந்தார்கள். 2012 செப்டெம்பரில் போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது, ஊருக்குப் போக விடப்படாமல் சீனியாமோட்டைக் காட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். பகுதி பகுதியாகச் சில காணிகள் விடுபட்டன, மீதி படையினரிடமே கிடந்தது. கேட்டது காணியாக இருந்ததால் அரசால் கொஞ்சமாவது இறங்கிவர முடிந்தது. வேலியைப் பின்னால் நகர்த்தினால் போதும், எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படையினரிடம் கேட்ட ‘கையில் பிடித்துக் கொடுத்த பிள்ளை எங்கே?’ என்ற கேள்விக்கு அப்படி அரைகுறையாகப் பதில் சொல்ல முடியாது. 2016இல் சட்டமாகி 2018இல்தான் ஆணையாளர்களைப் பெற்ற காணாமல் போனோர் அலுவலகம் விண்ணப்பங்களை வாங்கியது, விசாரணைகளை நடத்தியது, அந்தக் கேள்வியை மட்டும் தாண்டவே இல்லை. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல் போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். எப்போது, எங்கே, யார் கையில் என்று சொல்லவில்லை.

தென்னிலங்கை நண்பர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். நான்கு மாதத்தில் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓட வைத்தது 2022 காலிமுகத்திடல் போராட்டமான அரகலய. ஆண்டுக்கணக்கில் இருந்த கொட்டகைகள் என்ன சாதித்தன? வன்னி ஏன் அந்த அலையோடு சேரவில்லை? கேள்வியில் நியாயம் உண்டு. எரிபொருள் வரிசை கிளிநொச்சியிலும் நீண்டது, உரமில்லாமல் வன்னி வயல்களும் காய்ந்தன. 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில், போரின் இறுதி நாட்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது சிறிய செயல் அல்ல, அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஜூலை 14இல் கோட்டாபய பதவி விலகிய பிறகு கேப்பாப்புலவில் ஒரு வேலிக்கம்பியும் தானாக அவிழவில்லை. அவரை இறக்கியவர்கள் கேட்ட ‘முறைமை மாற்றம்’ என்ற சொல்லுக்குள் வடக்கின் படைமுகாம்கள் இருந்தனவா என்று யாரும் தெளிவாகச் சொல்லவும் இல்லை. வன்னி ஒதுங்கி நின்றது அக்கறையின்மையால் என்று நான் நினைக்கவில்லை. தன் கேள்வி அந்தக் கூட்டத்தின் கேள்வியாகவில்லை என்பதைக் கண்டுதான் அது நின்றது.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்திலேயே அநுரகுமாரவின் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடித்தது, ஆகவே மக்களே பழைய கோரிக்கைகளைக் கடந்துவிட்டார்கள் என்பது அது. அந்த வாக்குகளில் தமிழ்க் கட்சிகள்மீதான சலிப்பு நிறைய இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் நான்கே மாதங்களில், 2025 மார்ச் 28இல், வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு ஒரு வர்த்தமானி வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணி. முல்லைத்தீவில் மட்டும் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515. இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள், உறுதி யார் பெயரில் இருந்ததோ அவரே காணாமல் ஆக்கப்பட்ட வீடுகள் மூன்று மாதத்தில் எதைக் கொண்டுபோய்க் காட்டும்? ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அரசு பின்வாங்கியது. புதிய அமைச்சர்கள் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யார் அமைச்சரானாலும் வடக்குக் காணியைத் தன் கையிருப்பாகப் பார்க்கும் திணைக்களப் பழக்கம் அப்படியே இருக்கிறது என்பதுதான் என்னை வருத்துகிறது.

இழப்பீட்டை வாங்கிக்கொண்டு மீதி வாழ்க்கையைப் பார்க்கலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு. 2022இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபா என்று அமைச்சரவை தீர்மானித்தது, பின்னர் அது இரண்டு லட்சமானது. வறுமையில் அதைப் பெற்றவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. மறுத்தவர்களின் கணக்கு வேறு: விசாரணைக்கு முன் வரும் பணம் கோப்பை மூடும் பணம். அந்தச் சந்தேகம் வீண் பிடிவாதம் இல்லை. 2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய குழியில்தான் எலும்புகள் தெரிந்தன. அகழ்வு 2024 ஜூலையில் முடிந்தபோது எடுக்கப்பட்டவை 52 பேரின் எச்சங்கள். எந்த ஆணைக்குழுவும் தேடிக் கண்டுபிடித்த புதைகுழி அல்ல அது. போர் முடிவில் படையினரிடம் சரணடைந்தவர்களில் சிலரை முன்னிலைப்படுத்தும்படி வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் இராணுவத்துக்கு உத்தரவிட்டது. ஆகவே தாய்மாரின் கோரிக்கை இன்று வெறும் கண்ணீர் இல்லை, நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கும் கோரிக்கை. 2017இல் கொட்டகைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்ட பெற்றோர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். மீதிப் பேர் இருக்கும்போதே, சரணடைந்தோர் பட்டியலை இந்த அரசு வெளியிட வேண்டும்.