தெளிந்த படமும் திணறிய மூச்சும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வசிக்கின்றார். 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், கொரோனா நோய் கொழும்பு நகரை வாட்டிய வேளையில், அவருக்கும் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாளே நெஞ்சைப் படம் பிடித்தார்கள். "படம் துப்புரவாயிருக்குது தம்பி, இனிப் பயமில்லை" என்று தொலைபேசியில் எனக்குச் சொன்னார். வீட்டாரும் ஆறுதலடைந்தனர்.

எட்டாம் நாள் அவர் முகங்கழுவித் திரும்பிக் கதிரையில் அமர்ந்தபொழுது, உதடுகள் நீலம் பாரித்திருந்ததை மகள் கண்டாள். விரலில் மாட்டிய கருவி 84 என்று காட்டியது. வைத்தியசாலையில் மறுபடி எடுத்த படத்தில், இரு சுவாசப்பைகளின் அடிப்புறத்திலும் வெண்புகை படர்ந்திருந்தது.

"அப்படியானால் முதற்படம் பொய் சொன்னதா, மாமா?" என்று அப்பெண் பின்னர் என்னை வினவினாள். நம்மிற் பலருக்கும் எழக்கூடிய வினாவாதலால், இவ்வாரம் அதற்கே விடை கூற முற்படுகின்றேன்.

1895 நவம்பர் 8ஆந் தேதி ஜெர்மனிய விஞ்ஞானி ரோன்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிர்கள், காற்றை இலகுவில் ஊடுருவும், எலும்பினால் தடுக்கப்படும். ஆகவேதான் படத்தில் எலும்பு வெண்மையாகவும், காற்று நிறைந்த சுவாசப்பை கருமையாகவும் தோன்றுகின்றன. வைரஸ் கிருமியினால் சுவாசப்பை அழற்சியுறும்பொழுது, காற்று நிற்கவேண்டிய நுண்ணிய சிற்றறைகளில் நீர் கசிகின்றது. கருமை வெளிறுகின்றது. கிருமி மாத்திரமன்றி, அதனை எதிர்க்கப் புறப்பட்ட நமது உடலின் காவற்படையும் சில வேளை இச்சேதத்தைப் பெருக்கிவிடுகின்றது.

இச்சேதம் ஒரே நாளில் விளைவதன்று. கொரோனா நோயில், காய்ச்சல் தொடங்கி ஒரு வாரத்தின் பின்னரே நிலைமை மோசமடைவது வழக்கம். எனவே இரண்டாம் நாட் படம் பொய் சொல்லவில்லை. இரண்டாம் நாளின் உண்மையை மாத்திரமே சொன்னது. எட்டாம் நாளுக்கும் அதுவே சாட்சியென்று நாம் எண்ணியதே தவறு.

சீ.டி. ஸ்கான் இன்னும் நுட்பமானது. உடலைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்பதுபோற் காட்டும் இக்கருவியினால் முதல் நோயாளியைப் பரிசோதித்தது 1971இல், லண்டன் நகரில். அதனை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்ட், 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாதாரண படத்திற் புலப்படாத மங்கலையும் இது காட்டிவிடும். குளியலறை யன்னலின் மங்கற் கண்ணாடிக்கூடாகப் பார்ப்பதுபோல் சுவாசப்பை தோன்றும். உள்ளே இரத்தக் குழாய்கள் மட்டும் மறையாமல் தெரியும். கொரோனாவில் இம்மங்கல் பெரும்பாலும் இருபுறமும், வெளியோரங்களிலும், கீழ்ப்பாகத்திலும் காணப்படும். எனினும் இன்புளுவென்சா முதலிய பிற நோய்களிலும் இது போன்ற தோற்றம் உண்டாகலாம். ஆகவே படம் சேதத்தைக் காட்டுமேயன்றிக் கிருமியின் பெயரைக் கூறாது. அதற்கு வேறு பரிசோதனை வேண்டும். மேலும், ஸ்கானுக்குச் செலவாகும் கதிர்ச் சக்தி ஒரு சாதாரண நெஞ்சுப் படத்தினதைப் போலப் பல பத்து மடங்கு. காய்ச்சலென்றதும் ஸ்கான் தேடி ஓடுவதும் விவேகமன்று.

இலங்கையின் முதற் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 27இல் அறியப்பட்டார். சீனாவிலிருந்து வந்த அப்பெண்மணி அங்கொடைத் தொற்றுநோய் வைத்தியசாலையில் சுகமடைந்தார். அவ்வாண்டு ஒக்டோபரின் பிற்பகுதியில் கொட்டாஞ்சேனைப் பகுதியும் ஊரடங்கில் முடங்கிக் கிடந்தது. ஒரே அறையில் ஐவரும் அறுவரும் உறங்கும் தோட்ட வீடுகளில் உள்ளோர் ஸ்கானுக்கு எங்கே போவர்? அவர்களுக்கும் நமக்கும் பொதுவான பரிசோதனை ஒன்றுண்டு. அது நோயாளியின் மூச்சைக் கவனித்தல்.

விரற்கருவி சுகதேகிக்குச் சாதாரணமாக 95க்கு மேற் காட்டும். 90க்குக் கீழிறங்கினால் நோய் கடுமையானது. கருவி இல்லையேல், அமைதியாக இருப்பவரின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு 30ஐத் தாண்டினாலும், நாலடி நடந்ததும் இளைத்தாலும், உதடு நீலித்தாலும், உடனே வைத்தியசாலை செல்லவேண்டும். இந்நோயிற் சிலர் திணறலை உணராமலே ஒட்சிசன் குறைந்து வாடுவர். "எனக்கு ஒன்றுமில்லை" என்னும் பேச்சை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஆசிரியர் பிழைத்துக்கொண்டார். பல மாதங்களின் பின் எடுத்த படத்தில் மெல்லிய தழும்புக் கோடுகள் சில எஞ்சியிருந்தன. இன்று மாலைவேளைகளிற் கடற்கரை ஓரமாக மெதுவாக நடக்கின்றார். முதற்படத்தை அவர் மகள் இன்னும் அலுமாரியில் வைத்திருக்கின்றாள். அதன் மூலையில் எழுதப்பட்ட தேதியைத்தான் அன்று ஒருவரும் வாசிக்கவில்லை என்கின்றாள்.