16 சேனல் வேண்டாம் தம்பிகளா!



எங்கள் தெரு பஜனைக் குழுத் தம்பிகள் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆடிக் கிருத்திகைக்குள் புது மிக்ஸர் வாங்க வேண்டுமாம். "16 சேனல் வாங்கிடலாமா சார்? பார்க்கவே கெத்தா இருக்கும்" என்றார்கள். வீடு வீடாக வசூலித்த பணம். பள்ளியில் பல வருடம் மைக்செட் பொறுப்பு என் தலையில் இருந்ததால் சொல்கிறேன்: வேண்டாம். சின்ன அனலாக் மிக்ஸர் போதும்.

முதலில் மைக்கை எண்ணுங்கள். பாட இரண்டு பேர், ஆர்மோனியம், மிருதங்கம். மொத்தம் 4. அவசரத்துக்கு 2 சேர்த்தால் 6. பெட்டியின் பெயரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். யமஹா எம்ஜி10-இல் மைக் சொருக 4 இடம்தான். எம்ஜி12-இல் 6. பெரிங்கர் ஜெனிக்ஸ் 802-இல் இரண்டே இரண்டு! எந்தக் கம்பெனியானாலும் மூன்று துளை உள்ள மைக் சாக்கெட்டை விரல் விட்டு எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டன். பாடுபவர் மைக்கில் அதை அழுத்தினால் காற்றிரைச்சலும் மேடை அதிர்வும் குறையும். மிருதங்கத்துக்கு அழுத்தாதீர்கள், தொப்பியின் கனம் போய்விடும். இரண்டு, பாடுபவர் பக்கம் வைக்கும் ஸ்பீக்கருக்குத் தனியாக ஆக்ஸ் குமிழ். அதை 'ப்ரீ'யில் வைக்கும் வசதி இருந்தால், வெளியே சத்தத்தைக் கூட்டிக் குறைத்தாலும் அவர்களுக்குக் கேட்பது மாறாது. மூன்று, கண்டென்சர் மைக் வைத்திருந்தால் 48 வோல்ட் பட்டன்.

டிஜிட்டல் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் இன்று ஒரு பையன் உட்காருவான், நாளை வேறொருவன். எல்லாக் குமிழும் கண்ணெதிரே இருந்தால் அரை மணியில் கற்றுக்கொள்வான். கரண்ட் போய் வந்தாலும் உடனே பாட்டைத் தொடரலாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? ஒரு ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்புப் பெண் பேச வந்தாள். குரல் கேட்கவில்லை. "சத்தமா பேசும்மா" என்று கத்தினேன். மைக்செட்காரர் வால்யூமைக் கூட்டினார், காது கிழிய விசில் அடித்தது. பிள்ளை அழுதுகொண்டே இறங்கிவிட்டாள். அப்புறம் அவள் மேடை ஏறவே இல்லை. ஸ்பீக்கர் அவளுக்குப் பின்னால் இருந்ததையும், அவள் உயரத்துக்கு மைக்கை இறக்காததையும் பிறகுதான் பார்த்தேன். தவறு எங்களுடையது, திட்டு வாங்கியது அவள்.

அதனால் தம்பிகளா, ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் தள்ளி வையுங்கள். ஒவ்வொருவரையும் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு கெயின் வையுங்கள். எக்கோவைக் குறையுங்கள், முருகன் பாட்டில் வார்த்தை புரிய வேண்டாமா? இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. படிக்கிற பிள்ளைகளும் இதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

மிச்சமாகும் பணத்தில் நல்ல மைக் இரண்டு வாங்குங்கள். கெத்து பெட்டியில் இல்லை, கடைசி வரிசைப் பாட்டிக்கும் பாட்டு புரிவதில் இருக்கிறது.

மைக்செட் தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள். இப்போது நீங்கள்தான் எனக்கு வாத்தியார்.