வெட்கமே மோசடிக்காரரின் மூலதனம்

ரூ காய் வீதியின் தேநீர்க்கடை ஒன்றில் இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம் தம் கதையைச் சொன்னார். உணவகத்தில் பாத்திரம் கழுவி, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் கார் வாங்க விரும்பியவர் அவர். இணையத்தில் கண்ட விளம்பரத்தை நம்பி 1500 ஈரோ முற்பணம் அனுப்பினார். விற்பவர் தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், போக்குவரத்து நிறுவனமொன்று காரை வீட்டு வாசலிற் கொண்டுவந்து விடும் எனவும் எழுதியிருந்தார். கார் வரவில்லை, விளம்பரமும் மறைந்தது. பணம் போனதைவிட அவர் இறுதியாகச் சொன்னதே எம்மை வருத்தியது: "அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அவர் பெயரைச் சொல்லமாட்டோம். ஆனால் அந்த மௌனத்தைப் பற்றி எழுதாமலிருக்க எம்மால் முடியவில்லை.

எம்மவருக்குக் கார் ஆடம்பரமன்று. முதல் மெத்ரோவுக்கு முன்னரே துப்புரவு வேலைக்குச் செல்பவரும், கடைசி மெத்ரோ போன பின் உணவகத்திலிருந்து வெளியேறுபவரும் அதனை வாழ்வாதாரமாகவே தேடுகின்றனர். மொழி முற்றாகக் கைவராத நிலையும் அவசரமும் ஒன்று சேருமிடத்திலேதான் மோசடிக்காரர் வலை விரிக்கின்றனர்.

அவ்வலையை அடையாளம் காண்பது கடினமன்று. சந்தை விலையிலும் மிகக் குறைந்த விலை; நேரில் தோன்றாத விற்பனையாளர்; "இன்னொருவர் கேட்கிறார், இன்றே பணம் அனுப்புங்கள்" என்ற அவசரம்; தபாக் கடையில் பணச்சீட்டு வாங்கி அதன் இரகசிய இலக்கத்தை அனுப்பும்படி கேட்டல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விலகிக்கொள்வதே அறிவு. 2025 ஒக்ரோபர் 9 முதல், யூரோ வலய வங்கிகள் பணம் பெறுபவரின் பெயரும் கணக்கு இலக்கமும் பொருந்துகின்றனவா எனச் சரிபார்த்து எமக்கு அறிவிக்கவேண்டும். பொருந்தவில்லை என்று வங்கி எச்சரிக்கும்போது அதனைத் தட்டிக்கழித்துப் பணம் அனுப்பலாகாது.

காரைப் பகல் வெளிச்சத்தில் நேரிற் பாராமல் ஒரு சதமேனும் கொடுக்கக் கூடாது. கார்த் கிறீசில் உள்ள பெயரை விற்பவரின் அடையாள அட்டையோடும், செசி இலக்கத்தைக் காரில் உள்ளதோடும் ஒப்பிட வேண்டும். உள்துறை அமைச்சு 2019 இல் தொடக்கிய 'இஸ்தோவெக்' சேவை, வாகனத்தின் வரலாற்றைக் கட்டணமின்றித் தருகிறது. அந்த அறிக்கையை விற்பவரே எடுத்துப் பகிர வேண்டும்; மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. வாகனம் அடகிலோ தடையிலோ இல்லை என்பதைக் காட்டும் 15 நாட்களுக்கு உட்பட்ட சான்றிதழும், நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காராயின் 6 மாதங்களுக்கு உட்பட்ட தொழில்நுட்பப் பரிசோதனை அறிக்கையும் கேட்டுப் பெறவேண்டும்.

விற்பவரும் ஏமாற்றப்படுகிறார். போலி வங்கிக் காசோலையைக் கொடுத்துக் காரோடு மறைபவர் உளர். காசோலைத் தொகை கணக்கிற் தோன்றிய பின்னரும் அது திரும்பப் பெறப்படலாம். ஆகவே, வங்கி திறந்திருக்கும் வேளையிற் சந்தித்து, காசோலையில் அச்சிட்ட இலக்கத்தை விடுத்து, தாமே தேடியெடுத்த இலக்கத்தில் வங்கியை அழைத்து உறுதிசெய்த பின்னரே திறப்பைக் கொடுக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? உடனடியாக வங்கிக்கு அறிவித்துப் பணத்தைத் திருப்பிப் பெற முயலவேண்டும். மணித்தியாலங்கள்கூட இங்கு முக்கியம். விளம்பரத்தையும் உரையாடல்களையும் அழிக்காமற் படமெடுத்து வைக்கவேண்டும். மோசடிக்காரர் யாரெனத் தெரியாதவிடத்து, 2022 இல் தொடங்கிய 'தேசே' சேவை வழியாக, அரசின் 'சேர்விஸ் பப்ளிக்' தளத்தினூடே வீட்டிலிருந்தே முறைப்பாடு செய்யலாம். காவல் நிலையத்துக்கு நேரிற் சென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15-3 ஆம் பிரிவின்படி அவர்கள் முறைப்பாட்டை ஏற்றே ஆகவேண்டும். மொழிபெயர்ப்பாளரைக் கோரும் உரிமையும் பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. போலி விளம்பரத்தை 'பரோஸ்' தளத்தில் அறிவிக்கலாம். ஆலோசனைக்கு 0 805 805 817 என்ற இலவச இலக்கமும், பாதிக்கப்பட்டோர் உதவிக்கு 116 006 என்ற இலக்கமும் உள்ளன. மோசடிக்கு 5 ஆண்டுச் சிறையும் 375,000 ஈரோ வரையான தண்டமும் இந்நாட்டுச் சட்டம் விதிக்கிறது.

இவையிருந்தும் எம்மவர் வாய் திறப்பதில்லை. காவல் நிலைய வாசலையே அச்சத்தோடு பார்த்த ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். அந்த அச்சம் கடல் கடந்தும் கூடவே வந்துள்ளது. முறைப்பாடு செய்வதற்கு வதிவிட அட்டை நிபந்தனையன்று. அட்டையில்லாதவர் தயங்கினால், முதலில் 116 006 உடனோ ஒரு சட்டத்தரணியுடனோ பேசலாம். "படித்தவன் ஏமாந்தான்" என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுவோரும் உளர். ஆனால் ஏமாற்றியவனே குற்றவாளி, ஏமாந்தவரல்லர்.

போன பணம் மீளுமென நாம் உறுதி கூறவில்லை. பல வேளைகளில் அது மீள்வதில்லை. எனினும் ஒருவர் செய்யும் முறைப்பாடு, வேறிடங்களில் மற்றவர்கள் செய்த முறைப்பாடுகளுடன் சேர்ந்தே ஒரு கும்பலின் தடயமாகிறது. ஒருவரின் மௌனமோ அடுத்தவரின் சேமிப்பையும் பறிகொடுக்கிறது.

அந்த இளைஞரிடம் நாம் கேட்பது இதுதான்: தம்பி, சொல்லுங்கள். பக்கத்து மேசையில் இருப்பவர் நாளை பணம் அனுப்ப இருக்கக்கூடும்.