மைலேஜ்: சான்றிதழும் சாலையும்



புதிய கார் வாங்குவோர், விளம்பரத்தில் கண்ட மைலேஜ், அதாவது ஒரு லிட்டர் எரிபொருளில் வண்டி ஓடும் தூரம், சாலையில் கிடைக்காதபோது எஞ்சினில் பழுது என்றே எண்ணிவிடுகின்றனர். இந்தியாவில் அந்த எண், புணேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை அமைப்புகள், காரின் சக்கரங்களை உருளைகளின் மேல் சுழலவிட்டு, முன்கூட்டியே வகுத்த வேக அட்டவணைப்படி அளந்து பெறுவதாகும். ஐரோப்பாவின் பழைய முறையைத் தழுவி, 1180 நொடிகளே நீடிக்கும் இச்சோதனையில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, ஏ.சி. இயங்குவதில்லை, மேடும் வேகத்தடையும் குறுக்கிடுவதில்லை. ஐரோப்பாவோ, 1800 நொடிகளும் 131 கிலோமீட்டர் வரை வேகமும் கொண்ட புதிய முறைக்கு 2017-இலேயே மாறத் தொடங்கியது.

உண்மை அளவை அறிய விரும்புவோர், பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் அவ்வாறே நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் போதும். சான்றிதழில் தரப்படும் அந்த மைலேஜ் எண் கார்களைத் தம்முள் ஒப்பிட உதவும் அளவுகோலேயன்றி வாக்குறுதி அன்று; ஆதலால் சோதனைச் சூழலையும் அவ்வெண்ணின் அருகிலேயே அச்சிடுமாறு நிறுவனங்களைப் பணிப்பது அரசின் கடமையாகும்.

– வாசகர், கோயம்புத்தூர்