துணைக்கு வேண்டுவது துணையே
சிங்கப்பூரில் 60 வயதைக் கடந்த இந்தியருள் 10 பேரில் அறுவருக்கு நீரிழிவு உண்டென, அந்நாளைய பிரதமர் லீ சியன் லூங் 2017ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் எச்சரித்தார். அதன் பின்னும் தமிழ் இல்லங்களில் நிகழ்வது யாது? மனைவி இடித்துரைக்கிறாள், கணவன் சினக்கிறான், சர்க்கரை மட்டும் குறைந்தபாடில்லை.

இடித்துரைப்பதே கடமை என்பர் சிலர். வாழ்க்கைத் துணை மாணவனா, ஓயாது கண்டிக்க? தேக்காவில் இனிப்புப் பொட்டலம் வாங்கிவந்து பிள்ளைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, நோயாளியின் தட்டில் மட்டும் கட்டுப்பாட்டைப் பரிமாறுவது அக்கறையன்று, ஒதுக்கிவைத்தலே ஆகும். 2022 டிசம்பர் 30 முதல் பான உறைகளில் 'நியூட்ரி-கிரேட்' தரக்குறி இடம்பெறுகிறது. குறி அறிவுறுத்தும்; உடனமர்ந்து உண்ணாது. அதை வீட்டாரே செய்தல் வேண்டும்.

இப்பொறுப்பு முழுவதையும் மனைவியின் தலையில் சுமத்துவதும் முறையன்று. நீரிழிவு பெண்ணையும் விடுவதில்லை. அவளை மாலை நடைக்கு அழைத்துச் செல்லும் கணவர் எத்துணைப் பேர்?

கண்ணும் காலும் சிறுநீரகமும் பழுதுற்றபின் வருந்திப் பயனில்லை. வீட்டில் அனைவர்க்கும் ஒரே உணவு சமைக்கப்படட்டும். கடையில் இருவரும் 'தே ஓ கோசோங்' கேட்கட்டும். மறுப்பவர் மனம் அப்போதுதான் இளகும்.