சீல் மாற்றுவதற்கு முன்னால்

பழைய ஜீப் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லியே பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒழுகுவதைவிட, எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாராமல் பில் போடுவதுதான் கெட்ட பழக்கம்.

அரசு அலுவலகங்களில் ஓடிய மஹிந்திரா ஜீப்புகள் வில்லிஸ் வழி வந்தவை. கியர் பாக்ஸின் முதுகிலேயே டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டியிருக்கும். நடுவில் உள்ள பேரிங், சீல் வழியாகக் கியர் ஆயில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடும். வெளியே ஒரு சொட்டு விழாது. நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் கசிவதற்கும் தப்பி ஓடுவதற்கும் 'ஃபுயித்' என்று ஒரே சொல்தான். இந்த ஆயிலுக்குச் சரியான பெயர்!

இப்படிப் போன ஆயில் டிரான்ஸ்ஃபர் கேஸில் அளவுக்கு மேல் நிரம்பி, பின்பக்க சீல் வழியாக வெளியே வரும். மெக்கானிக் கண்ணுக்கு அந்த ஈரம்தான் தெரியும். சீலை மாற்றுவார். அடுத்த மாதம் மறுபடியும் ஈரம். அதற்குள் கியர் பாக்ஸ் வற்றி பேரிங் அரைபடும். இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. அந்த ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் டிரம் அந்தப் பின்பக்க சீலை ஒட்டித்தான் இருக்கும். லைனிங் ஆயிலில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. மேட்டில் நிறுத்தினால் டிரைவர் சக்கரத்துக்குக் கல் வைப்பார். நாம் கேபிளைக் குறை சொல்வோம்.

செய்ய வேண்டியது எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டு பெட்டியின் லெவல் பிளக்கையும் திறக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆயில் வழிந்து, கியர் பாக்ஸில் விட்ட விரல் நனையாவிட்டால் கோளாறு நடுவில்தான். இரண்டுமே குறைந்திருந்தால் வெளிக்கசிவு. அடியைக் கழுவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரை ஓட்டிப் பார்க்கலாம். காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரத்தின் முன்முனையை, உயரமான இடத்தைப் பார்க்க வேண்டும்.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் ஓடும் வண்டிக்கு இன்னும் இரண்டு தொல்லை. மண் ஏறி பிரீதர் அடைத்தால், உள்ளே சூடாகும் காற்று நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். உப்புக்காற்றில் சீல் உரசும் இடம் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புதுச் சீலும் சீக்கிரம் கிழியும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

லாக் புக்கில் "கியர் ஆயில் 1 லிட்டர்" என்று மட்டும் எழுதுவார்கள். எந்தப் பெட்டியில் ஊற்றியது? இரண்டுக்கும் தனித்தனிக் கலம் போட்டிருந்தால், மூன்று மாதப் பதிவைப் பார்த்து ஒரு குமாஸ்தாவே கோளாறைச் சொல்லிவிடலாம். சீல் பில்லோடு இரண்டு லெவலும் எழுதி வராவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. "உங்களுக்கு எதுக்கு சார் இந்த மெக்கானிக் வேலை?" என்று என்னையும் கேட்டதுண்டு. பில்லில் கையெழுத்துப் போடுவதற்குத்தான்!

இப்போது ஈசிஆர் மணலில் இறங்கும் புது ஆட்டோமேட்டிக் ஃபோர்வீல் வண்டிக்காரர்கள் சிவப்பு ஆயிலைக் கண்டதும் கியர் பாக்ஸ் என்று முடிவு கட்டுகிறார்கள். சில வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அதே சிவப்பு ஆயில்தான் ஊற்றுகிறார்கள். அவர்களும் முதலில் இரண்டு லெவலையும் பார்க்கட்டும்.